குருதிக் கொடையும் நம் தான நெறியும்

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களைச் சிறு வயது முதலே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் இரத்த தானம் இந்நான்கினுள் எதில் அடங்கும் என்று இளைஞர் ஒருவர் வினவினால், உடனே விடை கூறத் தயங்குவோர் நம்மில் பலர். மருந்துதானம் என்பர் சிலர். உயிரைக் காப்பதால் அபயதானம் என்பர் சிலர். இது தானமே அன்று, வெறும் உலகியல் உதவி என்பாரும் உளர். இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மகப்பேற்றில் குருதிப் பெருக்குற்ற பெண்ணுக்கு இரண்டு யூனிட் இரத்தம் வேண்டும் என்று மருத்துவமனை கேட்கும் வேளையில், நம் குடும்பங்களில் எவர் முன்வருகிறார், எவர் பின்வாங்குகிறார் என்பதை முடிவு செய்வன இத்தகைய எண்ணங்களே.

பண்டைத் தமிழகத்தில் குருதி கொடுத்தல் என்பது போர்க்களத்திலும் பலிபீடத்திலும் கொடுப்பதாகவே இருந்தது. போரில் மாண்ட வீரனின் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து தரும் வீரரின் நவகண்டச் சிற்பங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. இப்பலி நெறிக்கு எதிராக நின்றது நம் சமயம். யசோதர காவியக் கதையை நாம் அறிவோம். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பல எய்தித் துன்புற்றனர். அங்கே ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. எனினும் கொல்லும் எண்ணமே தீவினையாயிற்று. இதன் மறுபக்கத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரத்தம் வெளிப்படுவதனாலேயே ஒரு செயல் இம்சை ஆகிவிடாது. மயக்கமும் கவனமின்மையும் கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைப்பதே இம்சை என்பது உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் தந்த இலக்கணம். பிறர் பிழைக்கத் தன் கையைத் தானே நீட்டுபவரிடம் இவ்விலக்கணத்தின் எந்தக் கூறு உள்ளது?

அதே நூலில் தானத்திற்கும் இலக்கணம் உண்டு. நலம் கருதித் தன்னுடையதைத் துறந்து கொடுப்பது தானம். ‘தன்னுடையது’ என்பதற்குச் செல்வம் என்றே உரை கண்டார் பூஜ்யபாதர். அவர் காலத்தில் ஒருவர் குருதியை மற்றொருவர் உடலில் செலுத்த வழியில்லை. கார்ல் லேண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைக் கண்டறிந்ததே 1901ஆம் ஆண்டை ஒட்டித்தான். இனி, இரத்தம் நம்முடைய செல்வமா? பன்னிரு சிந்தனைகளுள் அந்நியத்துவம், உடல் வேறு உயிர் வேறு என்கிறது. அசுசித்துவம், இவ்வுடல் இரத்தமும் நிணமும் நிறைந்த தூய்மையற்ற பொருள் என்கிறது. நாள்தோறும் இதனைச் சிந்திக்கும் சிராவகர், 350 மில்லி லிட்டர் இரத்தத்தைப் பிரிய அஞ்சுவது எமக்குச் சற்று வியப்பாகவே உள்ளது. நாம் தூய்மையற்றதென ஒதுக்கும் அப்பொருளே பிறிதோர் உயிரை நிறுத்துகிறது.

முறை, பொருள், கொடுப்பவர், ஏற்பவர் ஆகியவற்றின் சிறப்பால் தானம் சிறக்கும் என்பர் ஆசாரியர். இவற்றுள் பெரும் சிக்கல் ஏற்பவரைப் பற்றியதே. முனிவர்க்கு ஆகாரம் அளிப்போர் பாத்திரம் அறிந்து அளிக்கின்றனர். இரத்த வங்கியில் கொடுத்தது யாரைச் சென்றடைகிறது என்று நாம் அறியோம். “புலால் உண்பவருக்கும், ஏன், ஆடு அறுப்பவருக்கும் அது போகுமே, அவர் பிழைத்தெழுந்து செய்யும் கொலையில் நமக்கும் பங்கு வாராதா?” என்று முதியோர் கேட்பதுண்டு. இக்கேள்வியை நாம் எள்ளி நகையாடலாகாது. அகிம்சையை ஆழ்ந்து எண்ணியவர் கேட்பது அது. ஆயினும் ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கொடையை நான்காகப் பகுக்கிறது. முனிவர்க்குத் தருவது பாத்திரதத்தி. தம்மை ஒத்த அறவோர்க்குத் தருவது சமதத்தி. மகனிடம் குடும்பப் பொறுப்பையும் பொருளையும் ஒப்படைப்பது அன்வயதத்தி. இரங்கத்தக்க உயிர்களின் அச்சம் நீங்க அருள்வது தயாதத்தி. இறுதியிற் சொன்ன தயாதத்திக்குப் பாத்திர ஆராய்ச்சி இல்லை. இரக்கம் ஒன்றே போதும். அவரவர் வினை அவரவர்க்கே என்பதும் நம் கொள்கை. அன்றியும், நம் வீட்டில் ஒருவருக்கு அறுவை மருத்துவம் நடக்கும்போது, வரும் இரத்தம் புலால் உண்டவருடையதா என்று யாரும் கேட்கக் கண்டதில்லை. ஏற்கும்போது எழாத ஐயம் கொடுக்கும்போது மட்டும் எழுகிறது.

ஆசாரியர் பிக்ஷு 1760இல் தோற்றுவித்த சுவேதாம்பர தேராபந்தப் பிரிவு, உலகியல் உதவி வேறு, வீடுபேற்றிற்குரிய தானம் வேறு என்று மிகக் கண்டிப்பாகப் பிரித்தது. அப்பிரிவின் இளைஞர் பேரவையே 2014 செப்டம்பர் 6 அன்று நாடெங்கும் முகாம்கள் நடத்தி, ஒரே நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட யூனிட் இரத்தம் திரட்டிக் கின்னஸ் பதிவேட்டில் இடம் பெற்றது. வீடுபேற்றுக் கணக்கில் சேராது என்றாலும் செய்யலாம் என்னும் தெளிவு போற்றத்தக்கது. சாதனை எண்ணிக்கையில் எமக்கு அத்துணை ஈடுபாடில்லை. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரையே காக்க இயலும். தட்டணுக்களுக்கோ ஐந்து நாளே ஆயுள். ஒரே நாளில் குவிவதைவிட மாதந்தோறும் சிலர் கொடுப்பதே மிகுந்த பயன் தரும். ஒரு விழாவைத்தான் தேர்வதென்றால் மகாவீர் ஜெயந்தி பொருத்தமானது. கல்லூரிகள் மூடிக் கொடையாளர் குறையும் கோடையின் வாயிலில் அது வருகிறது. சான்றிதழுக்கும் நிழற்படத்துக்கும் கொடுப்பது, பயன் கருதும் நிதானம் என்னும் குற்றத்திற்கு அண்மையில் நிற்பது.

காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு உச்சநீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. 1998 சனவரி முதல் அது தடைப்பட்டது. அதன் பின்னரும் நோயாளியின் உறவினரே ஈடு தரவேண்டும் என்னும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. இதனால் ‘சொந்தக்காரர் இரத்தமே நல்லது’ என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் வலுப்பெற்றுவிட்டது. இரத்த உறவு என்னும் சொல்லும் அதற்குத் துணை. உண்மை வேறு. உடன்பிறந்தார் இருவரின் வகை ஒவ்வாமற் போகலாம். முகமறியாதவரின் வகை ஒத்திருக்கலாம். நெருங்கிய உறவினரின் இரத்தத்தை அப்படியே ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் ஏற்பவரின் உடலையே தாக்கும் கொடிய விளைவு அரிதாக நேர்வதுண்டு. அதனால் அத்தகைய இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுவர். தலசீமியா நோயுற்ற குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் வேண்டும். எத்தனை சிற்றப்பன்மாரும் மாமன்மாரும் அதற்கு ஈடு கொடுப்பர்?

கொடுத்தால் வலிமை குன்றும் என்னும் அச்சத்திற்கு ஒரு சொல். இழந்த நீர்மம் ஓரிரு நாளில் நிரம்பும். சிவப்பணுக்கள் மீளச் சில வாரங்கள் ஆகும். ஆகவேதான் ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் இடைவெளி வகுத்துள்ளனர். வயது 18க்குக் குறையாமலும், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். நம் பெண்மணிகள் பலர் விருப்பமிருந்தும் திரும்ப நேர்வது இக்கடைசி அளவினால்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியவற்றை எலுமிச்சை அல்லது நெல்லியுடன் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் கொடுத்தலாகாது.

இரவுண்ணா நோன்புடையோர் முற்பகலிலேயே கொடுப்பது நன்று. கொடுத்தபின் நீரும் உணவும் நன்கு உட்கொள்ளப் பொழுது வேண்டும். முகாமில் தரும் தின்பண்டத்தில் முட்டை கலந்திருக்குமோ என்று ஐயுறுவோர், காய்ச்சி வடித்த நீரும் பாலும் பழமும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லலாம். அஷ்டமி, சதுர்த்தசி உபவாச நாள்களில் கொடுத்தல் கூடாது. பாரணை முடிந்து ஓரிரு நாள் நன்கு உண்ட பின்னரே செல்லவேண்டும். தசலட்சண நோன்பை நோற்பவர்க்கும் இதுவே முறை.