தண்டவாளம் இல்லாமல் வரும் ரயில் பெட்டி

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிக்கச் சொன்னால் இந்தி எழுத்தைத் தேடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து படிக்க நான் சொல்வது 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயானாகி தம் பள்ளி நாட்களைப் பற்றி ஜப்பானிய மொழியில் எழுதி 1981-ல் வந்த நூல். நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் வாங்குங்கள். இந்திப் புத்தகம் பிள்ளை கையில் இருக்கட்டும். நீங்கள் தமிழில் உரக்கப் படியுங்கள். சில வாரங்களில் என் பேத்தி என் புத்தகத்தையே பிடுங்கிக்கொண்டாள்.

டோக்கியோவில் அந்தப் பள்ளியின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். (ரயில்வேக்காரனுக்கு இது போதாதா!) இன்னொரு பெட்டி வரப்போகிறது. தண்டவாளம் இல்லாமல் எப்படி வரும் என்று குழந்தைகள் விவாதிக்கிறார்கள். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். பேரன் கிரேன் என்றான். பேத்தி தண்டவாளமே போடலாம் என்றாள். பெற்றோருக்கு மட்டும் விடை: டிராக்டர் இழுத்த டிரெய்லரில் வந்து, உருளைகள் மேல் உருட்டி இறக்கப்படுகிறது. நாலு உருண்டைப் பென்சில்களின் மேல் தடித்த அகராதியை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள், உராய்வு குறைவது விரலுக்கே தெரியும்.

போலியோவால் கால் பாதித்த யசுவாக்கி இறக்கும் அத்தியாயத்தைப் பிள்ளைகள் தனியே படிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.