பாட்டுக்குக் கீழே ஒரு பெயர்

சிரஞ்சீவி மருமானுக்கு உன் மாமன் எழுதிக்கொள்வது.  

உன் அம்மா வந்திருந்தபோது உன் புத்தகத்தின் முதல் பாரங்கள் அச்சுக்கோத்து வந்துவிட்டன என்று சொல்லி, புரூப் பிரதியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நடவுப் பாட்டுகளுக்கு நீ எழுதியிருக்கும் விளக்கங்களை வாசிக்க வாசிக்க, சேற்றில் இறங்கி நின்று கேட்டவனுக்கல்லாது வேறொருவனுக்கு இவ்வளவு நுட்பம் கைவராதென்று தோன்றிற்று. நம் குடும்பத்திலே இப்படி எழுதுவதற்கு ஒருவன் வந்தானே என்று உள்ளம் பூரித்தது உண்மை. ஆனாலும் அந்தப் பூரிப்போடு கூடவே ஒரு கலக்கமும் புகுந்துகொண்டு, சில நாட்களாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தப் பாட்டுகளில் பாதிக்குமேல் களத்துமேட்டு ஆச்சியின் வாயிலிருந்து வந்தவை. மற்றவற்றில் மிகுதியும் உன் கல்லூரித் தோழன் விடுமுறை தோறும் ஊர் ஊராக அலைந்து எழுதிவந்த நோட்டுகளிலிருந்து நீ எடுத்தவை. மழைக்கு வேண்டுவது முதல் நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலின் வேலை வரிசையிலேயே பாட்டுகளை அடுக்கவேண்டுமென்ற அழகான யோசனையும் அவனுடையதுதான் என்று தீபாவளிக்கு வந்திருந்தபோது நம் திண்ணையில் உட்கார்ந்து நீயே சொன்னாய். புத்தகத்திலோ, முகவுரையின் கடைசியில், உதவி புரிந்த அன்பர்கள் அனைவருக்கும் நன்றி என்று ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த அன்பர்கள் யார் யார், எதைக் கொடுத்தார்கள் என்பதை எவனும் அதிலிருந்து அறிய முடியாது.

நாடோடிப் பாட்டு ஊர்ப் பொதுச்சொத்து, அதற்குக் கர்த்தா எவருமில்லை என்று நீ சமாதானம் சொல்லக்கூடும். பாட்டுக்குக் கர்த்தா இல்லாமலிருக்கலாம்; ஆனால் அதை அறுபது வருஷம் நெஞ்சிலே காத்துவைத்திருந்த கிழவிக்கும், வெயிலில் அவள் பின்னாலேயே நடந்து ஒரு சொல் தவறாமல் எழுதியெடுத்த பிள்ளைக்கும் அதில் பாத்தியதை இல்லையென்று எந்த நியாயம் சொல்லும்?

இப்படிப் பாட்டுகளை எழுதிவைத்த என் அண்ணா, உன் பெரிய மாமாவின் நோட்டுகளைப் பற்றி உனக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை. ஆனால் நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நகரத்திலிருந்து வந்த ஒரு வித்துவான், ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாக அந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டுபோய், பின்பு தம் பெயரில் அச்சிட்ட புத்தகத்தை அண்ணா முதன்முதலில் புரட்டியபோது, தாம் காது தப்பிக் கேட்டு எழுதிவிட்டுப் பிற்பாடு திருத்தவேண்டுமென்று நினைத்திருந்த ஒரு சொல்கூட, அந்தப் பிழையோடு அப்படியே அச்சேறியிருக்கக் கண்டார். யாரிடமும் அவர் வழக்காடவில்லை; எங்கள் அப்பாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் நோட்டும் பென்சிலுமாக வயற்புறம் போகவே இல்லை. அக்காலத்தில் உயிரோடிருந்த ஒப்பாரிக்காரிகள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். அவர்களோடு போன பாட்டுகளை இனி எந்த வித்துவான் எந்த நகரத்திலிருந்து வந்தாலும் மீட்க முடியாது. ஒரு பெயரை மறைத்ததனால் ஒரு மனிதர் மனம் நொந்தார் என்பதோடு அந்த நஷ்டம் முடிந்துவிடவில்லை என்று நீ உணரவேண்டும். பிறர் கொடுத்ததைக் கொடுத்தார் என்று சொல்லாத இடத்தில், கொடுக்கிறவர்கள் குறைந்துபோகிறார்கள்.

இரவல் வாங்குவதை நான் தோஷமென்று சொல்லவில்லை. வாங்காமல் எழுதியவர் யார்? முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்து, முன்னோன் வழியே நடப்பதற்கும் நம் இலக்கணக்காரர்கள் கௌரவமான ஸ்தானம் கொடுத்திருக்கிறார்கள். ராம கதையை வடமொழியிலே முன்பு செய்தவர் மூவரென்றும், அவர்களுள் முந்திய வால்மீகியின் வழியிலே தாம் செல்வதாகவும் கம்பர் தொடக்கத்திலேயே பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறார். சொன்னதனால் அவருடைய கீர்த்தி எள்ளளவும் குறைந்ததா?

உ. வே. சாமிநாதையரவர்களை எடுத்துக்கொள். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்துப் பெரும்புகழ் எய்தியவர், அதற்கு ஏழு வருஷம் முன்னால் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தம்மை அந்நூலைப் படித்ததுண்டா என்று கேட்டதும், தாம் இல்லையென்று சொல்ல நேர்ந்ததுமே எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று முதிர்ந்த வயதில் தம் சரித்திரத்தில் விஸ்தாரமாக எழுதினார். முதலியார் ஏட்டைப் பரிசோதிக்கவில்லை, உரை எழுதவில்லை. எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது அவர் கேட்ட ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கும் பெயரோடு கணக்குச் சொன்ன மகானுபாவர் அவர். சமண சமயத்துச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும், மணிமேகலைக்குப் பௌத்த விஷயங்களை ரங்காசாரியார் என்ற அறிஞரிடம் தெரிந்துகொண்டதையும் அவர் ஒளித்தாரில்லை. சைவ மடத்திலே வளர்ந்த ஒருவர் பிற மதத்தாரின் வாசலில் மாணாக்கனாய் நின்றேன் என்று சொல்லிக்கொள்வதற்கு அக்காலத்தில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்.

உன் துறையிலேயே உதாரணம் வேண்டுமானால், பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில சிவில் உத்தியோகஸ்தர் சேகரித்து வைத்த பாட்டுகளைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-இல் தஞ்சாவூர்ச் சரஸ்வதி மகால் நூலகத்தார் வெளியிட்ட 'மலையருவி' இருக்கிறது. ஆராய்ச்சியெல்லாம் பதிப்பாசிரியருடையது, ஆனாலும் சேகரித்தவர் அந்தத் துரை என்பது அதில் மறைக்கப்படவில்லை. அதைவிட என் மனத்துக்கு இசைந்தது நா. வானமாமலை 1964-இல் கொண்டுவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்'. அதில் பாட்டுகளுக்குக் கீழேயே, சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது என்று அச்சிட்டிருக்கிறார். போத்தையா, கார்க்கி என்று அந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போதெல்லாம், நம் அண்ணாவின் பெயர் இப்படி ஒரு பாட்டின் கீழே, ஒரே ஒரு பாட்டின் கீழேயாவது வந்திருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றாமலிருப்பதில்லை. அதில் நன்றியறிதல் மட்டுமல்ல, சாஸ்திரமும் இருக்கிறது. விளாத்திகுளத்துப் பக்கம் ஒரு விதமாகவும் நம் காவேரிக் கரையில் வேறு விதமாகவும் பாடப்படுகிற பாட்டை, நாளைக்கு ஒருவன் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், எந்த ஊரில் யார் சொல்ல யார் எழுதியது என்று தெரியாமல் அவன் என்ன செய்வான்?

ஆகையால் நன்றியை மொத்தமாக மூட்டை கட்டி முகவுரையில் வைக்காதே. ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், ஊர். பாட்டுகளை அடுக்கிய முறை உன் தோழனுடைய யோசனை என்பது முதல் அத்தியாயத்திலேயே, அதைப் பேசுகிற இடத்திலேயே. ஆச்சி எழுத்தறியாதவள்தான். இருந்தாலும் அவள் பேரன் ஏழாவது படிக்கிறான்; அவன் அதை வாசித்துக் காட்டுவான்.

நீ வயது வந்தவன், படித்தவன். புத்தகம் உன்னுடையது, தீர்மானமும் உன்னுடையதே. புரூப்பை இப்படியே திருப்பி அனுப்பினாலும் நான் ஒரு வார்த்தை குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பெரிய மாமாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை என்னால் வாசிக்க முடியுமா என்பதை மட்டும் நீ எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பு.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. தம்பி, உன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் விளக்கங்களைப் படித்தபோது, அண்ணாவுக்கு இருந்த அதே காது உனக்கும் இருக்கிறதென்று உன் அத்தையிடம் சொல்லிச் சொல்லி அவளே சலித்துப்போனாள். வந்த புரூப்பை அவள் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். பெயர்களைச் சேர்ப்பதனால் ஒரு பாரம் கூடிப்போகும், அச்சுக்கூலி ஏறும் என்று பிரசுரகர்த்தர் தயங்கினால், அந்தச் செலவு என்னுடையது. உன் அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். தொகை எவ்வளவென்று ஒரு கார்டு போடு, மறுதபாலில் மணியார்டர் செய்கிறேன். பொங்கலுக்கு அவசியம் வா. உன் தோழனையும் கூட அழைத்து வா. அவனுக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று அத்தை இப்போதே கேட்கிறாள்.

உன் மீது குறையாத பிரியமுள்ள,
மாமன்