சஷ்டிக்கு சஷ்டி: விரதம் முடிஞ்சதும் எடை ஏன் திரும்பி வருது?

ஓம் சரவணபவ!



கந்த சஷ்டி வந்தாலே நம்ம குரூப்பில் ஒரு கேள்வி வரும்: "ஆறு நாள் விரதம் இருந்தா எத்தனை கிலோ குறையும்?" சூரசம்ஹாரம் முடிஞ்ச அடுத்த வாரமே இன்னொரு கேள்வி: "குறைஞ்சதெல்லாம் திரும்பி வந்துட்டே, ஏன்?" இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

*குறைஞ்சது எது?*

நம் உடல் ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மிளகு விரதம், இளநீர் விரதம் இருக்கும்போது முதலில் தீர்வது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் போகும், எடை மெஷின் சட்டென்று இறங்கும். திருக்கல்யாணம் முடிந்து பழையபடி சோறு சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும். கரைந்த கொழுப்பு கொஞ்சம்தான். பட்டினி நீண்டால் தசையும் சேர்ந்து கரையும்.

அப்போ விரதம் வீணா? இல்லவே இல்லை. விரதம் எடைக்காக வந்ததல்ல, மனசைக் கட்ட வந்தது. "வேண்டாம்" என்று நாக்குக்குச் சொல்லும் அந்தப் பலத்தை மீதி நாட்களுக்கும் கொண்டு போனால் எடையும் நிலைக்கும்.

*ஒரு சின்னக் கணக்கு*

1 கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் 15 நாளில் 7,500. அதாவது வளர்பிறை சஷ்டிக்கும் தேய்பிறை சஷ்டிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோ! போகப் போக வேகம் குறையும், பயப்படாதீங்க.

நம்ம வேளிமலைக் குமாரசாமி நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவதைப் பார்த்திருப்பீங்க. 50 கிலோமீட்டருக்கும் மேல், குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கித்தான் பவனி போகும். நம்ம பயணமும் அப்படியே இருக்கட்டும்.

*ஆறுமுகனுக்கு ஆறு பழக்கம்*

1. *தட்டு:* பாதித் தட்டு கீரை, துவரன், காய்கறி. கால் பங்கு சோறு. கால் பங்கு சிறுபயறு, கடலை, முட்டை. விரதமில்லாத நாளில் மீன்.

2. *மரச்சீனி:* எங்க பேச்சிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன்மார் விடியுமுன்னே மலைச்சரிவில் மரம் மரமாக ஏறி இறங்குவாங்க. அவங்களுக்கு ஒரு தட்டு மரச்சீனி தகும். லேப்டாப் முன்னாடி உட்காரும் என்னைப் போன்றவங்களுக்கு அதில் பாதி போதும். மரச்சீனி சாப்பிடும் வேளையில் சோறு வேண்டாம்.

3. *நொறுக்கு:* 50 கிராம் நேந்திரங்காய் சிப்ஸிலேயே 250 கலோரிக்கு மேல் இருக்கு. பதிலுக்கு ஒரு மட்டிப்பழம். டீயில் சீனியைப் பாதியாக்குங்க. பஞ்சாமிர்தம் பிரசாதம்தான், ஒரு ஸ்பூன் போதும்.

4. *நடை:* வாரம் குறைந்தது 150 நிமிடம் வேகநடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். சரவணபவ ஜபத்தோடு நடந்தால் நேரம் போவதே தெரியாது.

5. *தோப்புக்கரணம்:* அண்ணன் பிள்ளையாருக்குப் போடுவது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. அதோடு தண்டாலும் சேர்த்து வாரம் இரண்டு நாளாவது செய்யுங்க. எடை குறையும்போது தசையைக் காப்பது இதுதான்.

6. *இரவு:* எட்டு மணிக்குள் சாப்பாடு, ஏழு மணி நேரத் தூக்கம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

*எப்போ எடை பார்க்கணும்?*

தினமும் பார்த்து மனசைக் குழப்பிக்காதீங்க. சஷ்டிக்கு சஷ்டி, விரதம் தொடங்கும் முன், காலையில் வெறும் வயிற்றில் பாருங்க. இடுப்பையும் அளங்க. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருக்க வேண்டாம். பால் பழம் எடுத்துக் கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

ஆறையும் நாளைக்கே தொடங்க வேண்டாம். வரும் சஷ்டிக்கு ஒன்று, அது பழகியதும் அடுத்தது. எதில் தொடங்குறீங்க என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்க, அவங்களையும் கூட்டிக்கோங்க.

வேலும் மயிலும் துணை! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏