கூட்டுப் பட்டாவைப் பிரிக்குமுன்

பாகப்பத்திரம் பதிவானதும் நிலம் பிரிந்துவிட்டதாகப் பலர் இருந்துவிடுகிறார்கள். பத்திரம் புல எண்ணைப் பிரிக்காது. தம்பி தன் பங்கை மட்டும் விற்க முனையும்போதுதான் சிக்கல் தெரியும்.

தமிழ்நாட்டில் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். நில அளவர் அளந்து புலப்படம் தயாரித்தபின் வட்டாட்சியர் உத்தரவிடுவார். உதாரணமாக, 112/3 என்பது 112/3ஏ, 112/3பி ஆகும்.

பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். 1 ஏக்கருக்கு 40.47 ஏர்ஸ் வீதம் முன்பே ஒத்துப் பார்ப்பது நல்லது. அளக்கும் நாளில் பங்காளிகள் அனைவரும் வரப்பில் நிற்கவேண்டும்.

கிணறு யார் பாகத்தில் விழுகிறது? இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கிணற்றுப் பங்கு, மோட்டார் முறை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாவற்றையும் பத்திரத்திலேயே எழுதிவிடவேண்டும். எழுதாமல் விட்டு, மேல்வயல்காரர் வாய்க்காலையும் சேர்த்து உழுதுவிட்டால், கீழ்வயல்காரர் தண்ணீருக்காகக் கோர்ட்டுக்கு அலையவேண்டியதுதான்.