ஒரு குடும்பம், மூன்று தொழில், எத்தனை கம்பெனி?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் லாட்ஜ், பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை, துவாக்குடியில் பெல் நிறுவன வேலை எடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறை. அண்ணன், தம்பி இருவர் இந்த மூன்றையும் ஒரே பார்ட்னர்ஷிப்பில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் கிரேன் சாய்ந்து நஷ்டஈட்டு வழக்கு வந்தால் லாட்ஜ் வருமானமும் அதில் போகும். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி பார்ட்னர்களின் சொந்தச் சொத்துக்கும் பாதுகாப்பில்லை.

இதற்கு அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 1996-இல் ஒரு வழி கண்டது: சீரிஸ் எல்எல்சி. ஒரே பதிவு, உள்ளே பல பிரிவுகள். கணக்கைத் தனித்தனியாக வைத்திருந்தால் ஒரு பிரிவின் கடன் அடுத்ததைத் தொடாது. கலிபோர்னியாவோ அதைத் தன் மாநிலத்தில் தொடங்க விடுவதில்லை. வெளியிலிருந்து வந்து தொழில் செய்யும் ஒவ்வொரு பிரிவிடமும் ஆண்டுக்கு 800 டாலர் வாங்குகிறது. நம் நாட்டில் வணிகக் கம்பெனிகளின் பதிவு மத்திய அரசின் அதிகாரம் என்பதால் தமிழக அரசு நினைத்தாலும் இதைத் தர முடியாது. 2024 பட்ஜெட்டில் பேசப்பட்ட, இதை ஒத்த வேரியபிள் கம்பெனி ஏற்பாடும் விமான, கப்பல் குத்தகைக்கும் முதலீட்டு நிதிகளுக்கும்தான்.

ஆக, இருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டும். பாத்திரக் கடைக்குப் பார்ட்னர்ஷிப்பே போதும். விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் உத்தேச வருமான முறையில் வரி கட்டலாம். பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் எல்எல்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் ஃபர்மைப் பதிவு செய்துவிடுங்கள். பதியாத ஃபர்ம் பாக்கிக்காரர் மேல் வழக்குப் போட முடியாது.

பட்டறைக்கு எல்எல்பிதான் என் தேர்வு. விற்றுமுதல் 40 லட்சத்தையும் மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாதவரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் கட்டாயமில்லை. மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. தவறினால் தாமதக் கட்டணம். கடையையும் லாட்ஜையும் வெளியே எடுத்துவிட்டுப் பழைய ஃபர்மையே எல்எல்பியாக மாற்றச் சட்டத்தில் வழி உண்டு, நடப்பு ஒப்பந்தங்களும் தொடரும். மாறுவதற்கு முந்தைய கடனுக்கு மட்டும் பார்ட்னர்கள் சொந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வழக்கு வரும் என்று தெரிந்தபின் சொத்தை நகர்த்தினால் கடன்காரர் கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

வெளி முதலீட்டாளர் வந்தால்தான் பிரைவேட் லிமிடெட். விற்றுமுதல் எவ்வளவானாலும் ஆடிட் உண்டு.

லாட்ஜில் சிக்கல் கட்டடம்தான். அதைப் புது நிறுவனத்தின் பேருக்கு எழுதினால் முத்திரைத்தாள் செலவு. கோயில் உரிமை கோரும் ஸ்ரீரங்கத்து அடிமனைப் பிரச்சினையில் இருக்கும் இடமென்றால் பத்திரப் பதிவே பெரும்பாடு. கட்டடம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும், தொழில் நடத்தும் எல்எல்பிக்கு வாடகைக்கு விடுங்கள்.

எத்தனையாகப் பிரித்தாலும் வங்கி மேனேஜர் சொந்த ஜாமீன் கையெழுத்து கேட்பார். ஜாமீன் போட்டவர் மேல் திவால் நடவடிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடுமுன் எந்தக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு என்று எழுதி வாங்குங்கள்.

சீரிஸ் முறை இங்கே வரலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். காந்தி மார்க்கெட்டில் கடனுக்குச் சரக்குப் போடுகிறவர் முதலாளி முகத்தைப் பார்த்துப் போடுகிறார். ஒரே பேருக்குள் எந்தப் பிரிவு தனக்குப் பாக்கி என்று அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? எல்எல்பியிலாவது பில்லிலேயே பெயரும் பதிவு எண்ணும் பொறுப்பு வரம்புக்குட்பட்டது என்ற வாசகமும் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய பில் புத்தகம் மிச்சமிருக்கிறதே என்று அதிலேயே கிழித்துக் கொடுக்காதீர்கள்.