திருட்டுப் பாட்டு: இழப்புக் கணக்கை எப்படிப் படிப்பது?

‘திருட்டு டவுன்லோடால் இசைத்துறைக்கு எவ்வளவு இழப்பு?’ தாம்பரம், வண்டலூர் பக்கத்துக் கல்லூரிகளில் இதை புராஜெக்ட்டாக எடுக்கும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள்.

● தொகையைப் பார்க்கும் முன், சொன்னது யார் என்று பாருங்கள். ஐஎஃப்பிஐ, இந்தியாவின் ஐஎம்ஐ இரண்டும் இசை நிறுவனங்களின் அமைப்புகள். அவர்களின் விற்பனைக் கணக்கு மிகவும் உதவும். இழப்புக் கணக்கைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

● இலவசமாக இறக்கிய ஒவ்வொரு பாட்டையும் விற்காமல் போன பாட்டாக எண்ணியிருக்கிறார்களா? பர்மா பஜாரில் மலிவு எம்பி3 சிடி வாங்கிய எல்லோருமே அசல் விலை கொடுத்திருப்பார்களா? பல கணக்குகள் தடுமாறுவது இங்கேதான். இன்னொரு சிக்கல், கணக்கின் ஆதாரம். கள்ளப் பொருள் இழப்பு பற்றி அமெரிக்காவில் அடிக்கடி எடுத்தாளப்பட்ட மூன்று அரசு மதிப்பீடுகளை, அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2010-ல் துருவியது. அவற்றுக்கு அடிப்படையான ஆய்வே கிடைக்கவில்லை! செய்தியோடு நிற்காமல் மூல ஆய்வு வரை போங்கள்.

● பொருளியல் ஆய்வாளர்கள் ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் இருவரும் 2007-ல் ‘டவுன்லோடால் விற்பனையில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை’ என்றார்கள். பொருளியல் பேராசிரியர் லீபோவிட்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். இரண்டையும் படிக்காமல் முடிவு எழுதுவது நியாயமில்லை. அவ்விருவரின் தரவும் 2002-ன் அமெரிக்க ஆல்பங்களைப் பற்றியது. சினிமாவைச் சார்ந்த நம் பாட்டுச் சந்தைக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம்.

● ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்களா? கூகுள் ஸ்காலரில் அதன் முன்வரைவைத் தேடுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.