உண்ணும் பயிரும் பூச்சியின் உருவமும்

முன்னுரை

உணவே உடலை வளர்ப்பது என்பது உலகறிந்த உண்மை. பயிரை உண்ணும் பூச்சிகட்கும் இது பொருந்தும். ஒரே இனப் பூச்சியாயினும், பயிரின் எந்த இரகத்தில் வளர்கிறது என்பதற்கேற்ப அதன் உடலமைப்பு வேறுபடும். நெல்லைத் தாக்கும் புகையானைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரகமும் உடலும்

புகையான், நெல்லின் தூரில் தங்கித் தண்டின் சாற்றை உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி. அது மிகுந்த வயலில் பயிர் தீய்ந்ததுபோல் வட்டம் வட்டமாகக் காயும். எதிர்ப்புத் திறனற்ற இரகத்தில் இப்பூச்சி வேண்டிய அளவு சாற்றைப் பெற்று விரைவில் வளரும். எதிர்ப்புத் திறனுடைய இரகத்திலோ தொடர்ந்து உறிஞ்ச இயலாது; வளர்ச்சி தாமதமாகும்; உடல் சிறுக்கும்; முட்டைகளும் குறையும்.

இறக்கையின் இரு வடிவங்கள்

முதிர்ந்த புகையானில் குட்டை இறக்கை உடையன, நெடிய இறக்கை உடையன என இரு வகை உண்டு. முன்னவை வயலிலேயே தங்கி மிகுதியாக முட்டையிடும். பின்னவை வேற்றிடம் பறந்து செல்லும். இவ்வேறுபாட்டை உடலிலுள்ள இரண்டு இன்சுலின் ஏற்பிகள் முடிவு செய்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளிப்படுத்தினர். நெல் முதிரும்போது மிகும் குளுக்கோசு, நெடிய இறக்கையைத் தோற்றுவிக்கத் துணைபுரிகிறது என்பது 2018இல் புலனாயிற்று.

மூன்று இரகங்கள், மூன்று வகைகள்

பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1973இல் வெளியிட்ட ஐ.ஆர். 26, தொடக்கத்தில் புகையானை எதிர்த்து நின்றது. அது பரவலாகப் பயிரிடப்பட்ட சில ஆண்டுகளிலேயே, அதனையும் உண்டு வாழவல்ல புகையான் வகை பெருகிற்று. அந்நிலையத்தில் மூவகைப் புகையான்கள் மூன்று நெல் இரகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டன. தைச்சுங் நேட்டிவ் 1, முட்கோ, நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 என்பன அவ்விரகங்கள். அவ்வகைகளுக்கிடையே உறிஞ்சுகுழல், கால், உணர்கொம்பு ஆகியவற்றின் அமைப்பில் நுண்ணிய வேறுபாடுகள் உள்ளமையை 1982இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

முடிவுரை

ஓர் இரகத்தையே எங்கும் இடைவிடாது பயிரிடுவது, அதனை உண்ணவல்ல பூச்சியைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும். எனவே எதிர்ப்புத் திறன் வேறுபட்ட இரகங்களை மாற்றி மாற்றிப் பயிரிடலும், புகையானை உண்ணும் சிலந்திகளைத் தேவையற்ற மருந்துத் தெளிப்பால் அழியாது காத்தலும் இன்றியமையாதன. வயலில் காணும் பூச்சியின் உடல், அங்கு நாம் விளைவித்த பயிரின் வரலாற்றையும் தாங்கி நிற்கிறது என்பதை உணர்ந்து செயற்படுவோமாக.